பதில் கூறுவதன் ஒழுங்கு

 

இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) எகிப்தில் வபாத்தானார்கள். அங்கே அவர்களது மாணவர்களுள் ஒருவர் யூனுஸ் அஸ்ஸதஃபீ. ஒருநாள் இருவரும் ஒரு மஸ்அலாவில் வாதித்துப் பிரிந்தனர். பின்னர் சந்தித்தபோது இமாமவர்களே மாணவரின் கையைப் பற்றி, ஒரு விடயத்தில் உடன்படாவிடினும் நாம் சகோதரர்களாக இருக்கலாகாதா என வினவினார்களாம். இதனை அறிவித்தவர் அம்மாணவரே. அது எந்த மஸ்அலா என்பதை அவர் குறிப்பிடவுமில்லை!

நம் நிலை என்ன? தராவீஹ் எட்டா, இருபதா என்று பள்ளிவாசல் முற்றத்தில் தொடங்கும் பேச்சு, ஸலாம் நின்றுபோவதில் முடிகிறது. பெருநாள் தினத்திற்கூட ஒரு மதிலைத் தாண்டிச் சாப்பாடு போகாத வீடுகளை நீங்களும் அறிவீர்கள்.

மறுத்துரைக்குமுன், அவர் கூறியதை அவரே ஆமெனும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பல வேளைகளில் அவர் சொல்லாத ஒன்றையே நாம் மறுத்துக்கொண்டிருப்போம். அவரது பிழையைத் தனிமையில் உணர்த்துங்கள். உங்கள் பிழையையோ, கேட்டிருந்தோர் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். இது கடினம், இதைச் சொல்லும் எனக்கும் கடினமே.

இவ்வாரம் அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஸலாம் சொல்லுங்கள். தராவீஹைப் பற்றி அன்று பேச வேண்டாம்.