நூதனசாலைக்கு இணையத்தில் ஒரு வாசல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் இருவரும் இக்கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று ஒருவர் கொழும்பிலும் மற்றவர் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு நூதனசாலைகளுக்கும் பண்பாட்டு நிறுவனங்களுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுக்கிறோம். கல்லூரியின் பழைய படங்களையும் இடாப்புகளையும் இணையத்தில் ஏற்றுவதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. அந்த வேலை தொடங்குமுன் எங்கள் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார்கள்.

இணையத்தளம் என்றதும் பலரும் முதலில் பேசுவது நிறத்தையும் முகப்புப் படத்தையும் பற்றித்தான். எங்களுக்கு அது கடைசி வேலை. முதல் மாதம் முழுவதும் நாங்கள் பதிவேட்டுடன்தான் இருப்போம். பொருளுக்கு ஓர் இலக்கம். அது என்ன, எதனால் ஆனது, என்ன அளவு, யாரிடமிருந்து எப்படி வந்தது என்ற விபரம். இவை சரியாக இருந்தால் சாதாரணமான தளமும் பயன்தரும். இவை இல்லாவிட்டால் எவ்வளவு அழகான தளமும் வெறும் படக்கடைதான்.

எப்படி வந்தது என்ற அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பாருங்கள். ஆம்ஸ்ரடாம் ரைக்ஸ் மியூசியத்தில் வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி ஒன்று நெடுங்காலம் இருந்தது. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் சென்றது அது. இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து அது வந்த வழியை ஆராய்ந்து எழுதினார்கள். 2023ஆம் ஆண்டின் இறுதியில் வேறு ஐந்து பொருட்களுடன் அது கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தது.

தமிழில் தளம் அமைப்பவர்களுக்குத் தனியான சில சிரமங்கள் உண்டு. எங்கள் நாட்டில் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதினோம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல்தான். தேடினால் அகப்படாது. அவற்றையெல்லாம் யூனிகோட்டுக்கு மாற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். ஏ4 அளவுத் தாளொன்றை 600 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 100 மெகாபைற் வரும். பெட்டகத்தில் வைப்பதற்கு அது வேண்டும். ஆனால் கைத்தொலைபேசியில் டேற்றாவை எண்ணி எண்ணிப் பார்க்கும் பிள்ளைக்கு அதன் சிறிய பிரதி ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும். கண்பார்வையற்றவர்களின் கணினி வாசித்துச் சொல்வதற்காக ஒவ்வொரு படத்துக்கும் நாலு சொல்லில் விளக்கமும் எழுத வேண்டும்.

இனி எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு நிறுவனத்துக்குத் தளம் அமைத்தோம். நாடா வெட்டி, விளக்கேற்றி, பெரிய விழாவாகத் திறந்தார்கள். மூன்று வருடம் கழிந்தது. கடவுச்சொல் வைத்திருந்தவர் வெளிநாடு போய்விட்டார். இணைய முகவரிக்கான ஆண்டுக் கட்டணத்தை யாரும் கட்டவில்லை. ஒரு நாள் தளம் இல்லாமற் போயிற்று. ஊர் மக்கள் கொண்டுவந்து தந்த படங்களை ஸ்கான் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தோம். ஸ்கான் பிரதிகளைத் தனியாகச் சேமித்து வைக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தியிருக்க வேண்டும். வற்புறுத்தவில்லை. அந்தப் படங்களில் பலவற்றை இன்றுவரை மீட்க முடியவில்லை.

பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1086இல் எழுதிய டூம்ஸ்டே ஏட்டை இன்றும் வாசிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பி.பி.சி. லேசர் தட்டுகளில் ஒரு புதிய டூம்ஸ்டேயை உருவாக்கியது. இருபது வருடம் போகுமுன்னரே அந்தத் தட்டை வாசிக்கும் கருவி கிடைப்பது அரிதாகிவிட்டது. பெரும்பாடு பட்டே அதை மீட்டார்கள். ஒரேயொரு பிரதி என்றால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை இந்த மண்டபத்தில் இருக்கும் அக்காமார் பலர் கண்ணால் கண்டவர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பின்னாலும் அந்த இழப்பின் நினைவு இருக்கிறது.

ஆகவே சங்கத்திடம் மூன்று காரியம் கேட்கிறோம். திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அடுத்த பத்து வருடப் பராமரிப்புக்கென்று வங்கியில் போட்டு வையுங்கள். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. பதவி வழியாகக் கைமாற வேண்டும். பிரதிகள் மூன்று இருக்கட்டும். அவற்றில் ஒன்று வேறொரு ஊரில் இருக்கட்டும்.

நான்காவது காரியம் உங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்பது. முன்னோட்டமாக ஒரு பழைய விடுதிப் படத்தை எடுத்தோம். பதினான்கு பேர் நிற்கிறார்கள். பின்புறம் வெறுமை. தொண்ணூறைத் தாண்டிய ஓர் அக்காவுக்குப் படத்தை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தோம். இடமிருந்து வலமாகப் பதின்மூன்று பெயர் சொன்னார். சேர்வு இடாப்பைப் புரட்டினால் பாதிப் பெயர் அங்கே இல்லை. அவர் சொன்னது கணவரின் பெயரோடு. இடாப்பில் இருப்பதோ தகப்பனாரின் முதலெழுத்தோடு. பெண்கள் பாடசாலையின் தளத்தில் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு பெயர் இருக்கும். எதைத் தேடினாலும் அவர் அகப்பட வேண்டும். “என்ர பெயரைப் பள்ளிக்கூடத்தில இருந்த மாதிரியே போடுங்கோ பிள்ளையள்” என்று அந்த அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தம் பெயரைப் போடவே வேண்டாம் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அதற்குக் காரணமிருக்கும். கேட்டுத்தான் போட வேண்டும்.

பதினான்காவது ஆள், ஓரத்தில் அகப்பையோடு நிற்கும் பெண். “அது எங்கட குசினி ஆச்சி” என்றார் அக்கா. பெயர்? “ஆச்சி எண்டுதான் கூப்பிடுவம்.” பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. எத்தனையோ வருடம் அவர் கையால் சாப்பிட்டோம், பெயரைக் கேட்கவில்லையே என்றார்.

வீட்டில் இருக்கும் படங்களை எடுத்துத் தெரிந்த பெயர்களை இன்றே எழுதி வையுங்கள். படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறிவிடும். தளம் அமைக்க அடுத்த வருடமும் ஆள் கிடைக்கும். பெயர் சொல்ல ஆள் கிடைக்காது.

அந்தப் படத்துக்குரிய பதிவில் பதினான்காவது இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். ஆச்சியின் பெயர் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்திலோ, இதை மலரில் வாசிக்கும் வேறெந்த நாட்டிலோ இருந்தால் சங்கத்துக்கு அறிவியுங்கள்.