கடலை வரைந்தவரும் கடலைக் கடந்தவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



 சர்வகலாசாலையில் படிக்கும் பிள்ளை ஏதேனும் பிரயோசனமான விஷயம் பேச வேண்டும் என்று நமது செயலாளர் கட்டளையிட்டார். கடலைத் தீட்டிய ஒரு சித்திரக்காரரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "டயகமத்திலே கடல் ஏது தம்பி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நம் கண்ணுக்கு எட்டுவதெல்லாம் தேயிலை மலைகளும், அவற்றுக்கு மேலே ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காடும், காலையில் இறங்கி வரும் மூடுபனியுமே. நம்மில் பலர் பத்துப் பன்னிரண்டு வயது வரை கடலைக் கண்டதில்லை. நான் முதன்முதலாகக் கண்ட கடலும் ஒரு படந்தான். நான் படித்த மிஷன் பாடசாலையின் மண்டபச் சுவரில் புயலில் தத்தளிக்கும் கப்பலின் படம் ஒன்று தொங்கியது. மழை நாட்களில் வகுப்பு இருண்டிருக்கும்போது, அந்த அலைகள் அசைவதுபோல எனக்குத் தோன்றும். பின்னர் கொழும்புக் காலிமுகத்திடலில் உண்மைக் கடலைக் கண்டபோது, "இதை ஒரு மனிதன் எப்படிக் காகிதத்தில் பிடித்தான்?" என்பதே என் முதல் எண்ணமாக இருந்தது.

அந்த ஆவலினால் சர்வகலாசாலை நூலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்பவர் இலங்கையைப் பற்றி எழுதி 1859இல் வெளியிட்ட இரண்டு பாகப் பெருநூல் கையில் அகப்பட்டது. அதிலுள்ள படங்கள் சிலவற்றுக்கு மூலச் சித்திரம் வரைந்தவர் அன்ட்ரூ நிக்கல் என்று அறிந்தேன். இன்று நான் பேச வந்தது அவரைப் பற்றியே.

அன்ட்ரூ நிக்கல் 1804ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலே பிறந்தார். தகப்பனார் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. பிள்ளையைச் சித்திரக் கல்லூரிக்கு அனுப்ப அந்தக் குடும்பத்துக்கு வசதி இல்லை. ஆகவே நிக்கல் வாலிப வயதில் பின்லே என்பவரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகும் சீடனாகச் சேர்ந்தார். சித்திரக் கலையைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார்.

அவருக்கு ஆசான் அவருடைய ஊர்க் கடற்கரையே. பெல்பாஸ்டுக்கு வடக்கே அன்ட்ரிம் என்னும் கரையோரம் இருக்கிறது. அங்கே எரிமலைக் குழம்பு இறுகி உண்டான ஆறுபட்டைக் கற்றூண்கள், அடுக்கி வைத்தாற்போல் கடலுக்குள் இறங்கி நிற்கின்றன. செங்குத்தான பாறையின் விளிம்பிலே டன்லூஸ் என்ற பாழடைந்த கோட்டை இருக்கிறது. நிக்கல் இவற்றைக் கால்நடையாகச் சென்று கண்டு, நீர்வர்ணத்தில் வரைந்தார். 1828ஆம் ஆண்டளவில் அந்தக் கரையை மாத்திரம் 101 சித்திரங்களாகத் தீட்டினார். அச்சகத் தொழிலாளியாய் இருந்தவர், ஒரே கரையை 101 முறை உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

அவருக்கென ஒரு தனிப்பாணியும் இருந்தது. முன்னாலே காட்டுப் பூக்கள் செறிந்த ஒரு மேடு. அப் பூக்களின் இடைவெளி வழியாகத் தூரத்துக் கடலோ கோட்டையோ தெரியும். வர்ணம் பூசிய காகிதத்தைக் கூரிய முனையால் மெல்லச் சுரண்டி, உள்ளேயுள்ள வெண்மையை வெளிப்படுத்திப் பூக்காம்புகளையும் புற்களையும் காட்டுவார். 1830ஆம் ஆண்டளவில் லண்டனுக்குச் சென்று பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்துப் பயின்றார். 1832 முதல் டப்ளின் நகரிலுள்ள அரச கலைக்கழகத்தின் கண்காட்சிகளில் அவர் சித்திரங்கள் இடம்பெற்றன. 1837இல் அதன் இணை உறுப்பினராகவும், 1860இல் முழு உறுப்பினராகவும் தெரிவானார். சப்பாத்துத் தொழிலாளியின் மகன் தம் கைத்திறனால் அடைந்த உயர்வு இது.

ஆயினும் கைத்திறன் மாத்திரம் போதவில்லை. ஆதரவு கொடுக்க ஒருவர் இருந்தார். அவர்தான் நான் முன்னே சொன்ன டெனன்ட். அவரும் பெல்பாஸ்ட்காரர். 1845இல் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக வந்த அவர், தம் ஊர்ச் சித்திரக்காரருக்குக் கொழும்பு அக்கடமியில் சித்திர ஆசிரியர் வேலை கிடைக்கச் செய்தார். இன்றைய றோயல் கல்லூரிதான் அக்காலத்துக் கொழும்பு அக்கடமி. நிக்கல் 1846இல் கடல் கடந்து இலங்கைக்கு வந்தார்.

1848ஆம் ஆண்டு யூலை மாதம், டெனன்டின் பயணத்தோடு சேர்ந்து நிக்கல் வடபுலத்துக் காடுகளுக்குள்ளே பழைய நகரங்களை வரையப் புறப்பட்டார். ஐந்து வாரம் நீடித்த அந்தப் பிரயாணத்தை அவரே கட்டுரையாக எழுதினார். அது 1852இல் டப்ளின் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. பாழடைந்த கோயில்கள், மாபெருஞ் சிலைகள், குளங்கள், தாதுகோபங்கள் என்று அதன் தலைப்பே அவர் எதைத் தேடிச் சென்றார் என்பதைச் சொல்லுகிறது.

அவர் காட்டுக்குள் இருந்த காலத்திலேயே நாட்டில் தீ மூண்டது. துப்பாக்கிக்கும், நாய்க்கும், கடைக்கும் அரசாங்கம் விதித்த புதிய வரிகளை எதிர்த்து, யூலை 28ஆம் திகதி மாத்தளையிலே சிங்களக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டு, ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வரித்திட்டத்தை வகுத்தவர்களில் முதன்மையானவர் டெனன்ட். ஆக, நிக்கலின் தூரிகைக்கு நிழல் கொடுத்த அதே கைதான் குடியானவர் மீது வரிச்சுமையையும் வைத்தது. இதை நான் சித்திரக்காரர் மீது பழியாகச் சொல்லவில்லை. ஒரு படத்தைப் பார்க்கும்போது, வரைந்தவர் யாருடைய தயவில் நின்று வரைந்தார் என்றும் நாம் கேட்கவேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

சபையோர்களே! அந்த ஆண்டுகளிலே அதே கடலையும் அதே காடுகளையும் கடந்து வந்த வேறு ஒரு கூட்டமும் உண்டு. அது நம் கூட்டம். கோப்பிக் காலத்திலே, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கால்நடையாகக் கரைக்கு வந்து, பாய்மரத் தோணியில் பாக்கு நீரிணையைத் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியாலும், காய்ச்சலாலும், பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1864இல் ஆதிலட்சுமி என்னும் கப்பல் மூழ்கி, தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த நம்மவர் பலர் கடலிலே மாண்டனர். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து, 200 ஆண்டு நிறைவையொட்டி 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள் அல்லவா? அந்தப் பாதைதான்.

கடற்சித்திரம் இப்படிப்பட்ட துயரத்தைச் சொல்ல வல்லதா என்று நீங்கள் கேட்கலாம். வல்லதுதான். நிக்கல் லண்டனில் பயின்ற காலத்தில் அங்கே புகழின் உச்சியில் இருந்தவர் டர்னர். அவர் ஒரு முடிதிருத்துவோரின் மகன். 1781இல் சொங் என்ற ஆங்கிலக் கப்பலின் மாலுமிகள், காப்புறுதிப் பணத்துக்காக 130க்கு மேற்பட்ட ஆபிரிக்க அடிமைகளை உயிரோடு கடலில் எறிந்தார்கள். அத்தகைய கொடுமையை நினைந்து டர்னர் தீட்டிய அடிமைக் கப்பல் என்ற படம் 1840இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று அது அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வானமும் கடலும் செந்தீயாய் எரிகின்றன. கப்பல் தூரத்தில் போகிறது. முன்னாலே, தண்ணீருக்கு மேலே விலங்கிட்ட ஒரு கால் தெரிகிறது. அந்த ஒரு காலைப் பார்த்தவர் அதன்பின் வானத்தின் அழகைப் பற்றி மட்டும் பேச முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சென்ற விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது என் அப்பாயியிடம் ஒரு கேள்வி கேட்டேன். அப்பாயியின் அப்பாயி, தனுஷ்கோடியிலே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர். "அவங்க வரும்போது கடல் எப்படி இருந்துச்சாம், அப்பாயி?" என்றேன். அலை, புயல், நுரை என்று ஏதாவது சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். "கடலை யாரு பாத்தா? கைப்புள்ளைக்குக் காய்ச்சல். புள்ளை மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்னு எங்க அப்பாயி சொல்லும்" என்றார்.

அந்தக் கைப்பிள்ளைதான் என் அப்பாயியின் தகப்பனார். அவர் பிழைத்ததனால் நான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

நண்பர்களே, அந்தப் பதிலைக் கேட்டபின் பல நாள் எனக்கு வேறு நினைவில்லை. நிக்கல் ஒரே கரையை 101 முறை பார்த்தார். நம் பாட்டிக்கு ஒரு முறை தலை நிமிர்ந்து கடலைப் பார்க்கவும் இயலவில்லை. ஆனாலும் அவர் கண்ட முகம் கடலுக்குக் குறைந்த காட்சியா? காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் மேல் குனிந்த தாயும், சுற்றிலும் அவள் பார்க்காத கடலும் ஒரு சித்திரமாகுமானால், எந்தக் கலைக்கூடத்திலும் அதற்கு இடம் உண்டு. அதை நிக்கல் வரைந்திருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் தம் ஊரின் கரையை வரைந்தார். நம் கதையை வரையவேண்டியவர்கள் நாமே.

வரையக்கூடிய கைகள் நம்மிடையே இல்லையா? லயத்துச் சுவரில் கரித்துண்டால் மாடும் மயிலும் தேரும் கீறி, வீட்டாரிடம் ஏச்சு வாங்காத பிள்ளை நம் தோட்டத்தில் உண்டா? வெள்ளையடித்த சுவரை அழுக்காக்கினால் பெற்றோருக்குக் கோபம் வருவது இயற்கையே. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காகிதம் கொடுத்தவர் யார்? நிக்கலுக்கு ஓர் அச்சுக்கூடமும் ஓர் ஆதரவாளரும் வாய்த்தனர். நம் பிள்ளைகளுக்குத் துரைமார் ஆதரவு வேண்டியதில்லை. இந்தச் சங்கம் இருக்கிறது.

ஆகையால் பெரியோர்களிடம் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறேன். முதலாவது, நமது வாசிகசாலையில் ஓர் அலுமாரித் தட்டைச் சித்திரக் காகிதத்துக்கும் வர்ணத்துக்கும் ஒதுக்குங்கள். ஞாயிறு மாலைகளில் சிறுவர் சிறுமியர் வந்து வரையட்டும். இரண்டாவது, வாலிபர்களாகிய நாம் லயம் லயமாகச் சென்று முதியோரிடம் கேட்டு, அவர்கள் முன்னோர் வந்த வழியை ஒரு கொப்பியில் எழுதுவோம். எந்த ஊர், எந்தக் கரை, யார் யார் கூட வந்தார்கள், யார் வழியில் தங்கிவிட்டார்கள் என்று கேட்போம். அடுத்த ஆண்டு மலரில் அந்த நினைவுகளும், அவற்றைக் கேட்டுப் பிள்ளைகள் வரைந்த படங்களும் பக்கத்துக்குப் பக்கம் வரட்டும்.

இதில் தாமதம் கூடாது. கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். நிக்கல் 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி லண்டனில் காலமானார். அவருடைய சித்திரங்களை பெல்பாஸ்ட் நகரத்து அருங்காட்சியகம் இன்றும் பேணி வருகிறது. நம் பாட்டிமாரின் சொல்லுக்கு அப்படி ஒரு காப்பகம் இல்லை. நாம் கேட்டு வைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

செயலாளர் ஐயா, டயகமத்திலே கடல் ஏது என்று கேட்டீர்கள். இந்தச் சபையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாரிடம் கேட்போம், அவர்கள் சொல்லட்டும். அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தில் என் அப்பாயி சொன்னதை நேற்றே எழுதிவிட்டேன். இரண்டாம் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.