கொடிமரமும் கொடிக்கம்பமும்

(திருவிழாவுக்கு முன் நடந்த தோட்டக் கூட்டத்தில் பேசியது)



கோயில் முன்னால நிற்பதைக் கொடிமரம் என்கிறோம். பள்ளிக்கூட முற்றத்திலயும் சங்க ஆபீஸ் வாசலிலயும் நிற்பது கொடிக்கம்பம். யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் நம்ம சனம் மாற்றிச் சொல்லுறதில்லை. சாமியை விழுந்து கும்பிடுவது கொடிமரத்தடியிலதான். "கொடி ஏறிருச்சு" என்றாலே திருவிழா தொடங்கியாச்சு என்று அர்த்தம். தலைவர் ஒருவர் காலமானால் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். 'அரைமரம்' என்று ஒருத்தரும் சொல்ல மாட்டோம். சிங்களத்திலயும் கொடிக்கு 'கொடிய' என்றுதான் பேர். கொடிமரத்தை 'கொடிகஹ' என்பார்கள். கஹ என்றால் மரம்.

முந்தி அது உண்மையிலேயே மரம்தான். கமுகோ மூங்கிலோ வெட்டிவந்து ஊன்றுவார்கள். இப்போ பல இடங்களில இரும்புக் குழாயை நட்டுவிட்டு, அதையும் கொடிமரம் என்றே கூப்பிடுறோம். பேர் மரம், சாமான் இரும்பு. எனக்குப் பயம் இங்கேதான்.

தோட்டத்துக்கு மேலால போகிற பெரிய லைன் கம்பியில 33,000 வோல்ட் வரைக்கும் கரண்ட் ஓடுது. வீட்டில இருப்பது 230தான். அந்தக் கம்பிக்கு ரப்பர் உறை கிடையாது. குழாய் அதைத் தொடக்கூட வேண்டாம், கிட்டப் போனாலே பாயும். குழாயைப் பிடித்துத் தூக்குவது நாலைந்து இளந்தாரிகள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில அடிக்கும். மூங்கில்தானே என்று நினைக்கவும் வேண்டாம். பச்சை மரத்திலயும் மழையில நனைஞ்ச கயிற்றிலயும் கரண்ட் பாயும்.

ஆகையால் குழி தோண்டுமுன் அண்ணாந்து பாருங்கள். 20 அடிக் கம்பம் என்றால் சுற்றிவர 30 அடிக்குள்ள கரண்ட் கம்பி இருக்கக் கூடாது. எந்தப் பக்கம் சரிந்தாலும் படாது. படுக்க வைத்திருக்கும்போதே அளந்துவிடலாம், அது பெரிய வேலையில்லை. தப்பித்தவறிப் பட்டுவிட்டால், விழுந்தவரை இழுக்க ஓடாதீர்கள். பெற்ற தாய்க்கு இது கஷ்டம்தான், தெரியும். ஆனால் ஓடிப்போய்ப் பிடித்தவரும் சேர்ந்தே விழுவார். எல்லாரையும் தள்ளி நிற்க வைத்து, மின்சாரக்காரருக்குச் சொல்லி லைனை நிறுத்தியபிறகுதான் கிட்டப் போகவேணும்.

கோயில் கமிட்டித் தலைவரும் இங்கேதான் இருக்கிறார். போன முறை தோண்டிய குழிக்கு மேலே கம்பி போகுதா இல்லையா என்று, கூட்டம் கலைஞ்சதும் அவரோட போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.