கிருமிக்கு இட்ட நாற்றுமேடை



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே மயிலிட்டி என்னும் ஊர் உண்டு. மீன்பிடித் துறையால் பெயர் பெற்ற அவ்வூரில் ஒருகாலத்திலே கசநோய் வைத்தியசாலையும் இருந்தது. கசம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே பலர் கூசிய காலம் அது. அந்நோய்க்குத் தக்க மருந்து காணப்படுமுன்னர், தூய காற்று, ஓய்வு, நல்லுணவு என்னும் மூன்றையுமே வைத்தியர்கள் நம்பியிருந்தனர். ஆகையால் உலகின் பல பாகங்களிலும் இத்தகைய நிலையங்கள் மலைச்சாரல்களிலும் கடலோரங்களிலும் எழுந்தன. நோயாளர் அங்கே மாதக்கணக்காக, சிலர் ஆண்டுக்கணக்காகத் தங்கினர்.

அப்படித் தங்கியிருப்பவர் மனத்திலே எழும் கேள்வி ஒன்றுதான்: "எப்போது நான் வீட்டுக்குப் போகலாம்?" காய்ச்சல் தணிந்திருக்கலாம், உடல் நிறை ஏறியிருக்கலாம், எக்ஸ்-கதிர்ப் படமும் தெளிந்திருக்கலாம். ஆயினும் அவர் இருமும்போது வெளிவரும் சளியிலே உயிருள்ள கிருமி இருக்குமாயின், வீட்டிலுள்ள குழந்தைக்கு அது ஆபத்து. எனவே அந்தக் கேள்விக்கு விடை கூறவேண்டியது நோயாளியின் சளியே.

சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்த்தால், கசக் கிருமிகள் சிவந்த சிறு கோல்களாகத் தெரியும். இது விரைவான வழி, மலிவான வழி. ஆனால் இதில் இரண்டு குறைகள் உள. ஒரு மில்லிலீற்றர் சளியிலே ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தாலன்றி அவை கண்ணிற்படுவது அரிது. மற்றக் குறை இதனினும் பெரிது: சாயம் செத்த கிருமியிலும் ஏறும். மருந்துண்ட நோயாளியின் சளியிலே காணப்படும் கோல்கள் உயிருள்ளவையா, வெறும் சடலங்களா என்பதை நுணுக்குக்காட்டி சொல்லமாட்டாது.

விதை உயிருள்ளதா என்று ஐயம் எழுந்தால் நம் தோட்டக்காரர் என்ன செய்வர்? நாற்றுமேடையில் இட்டு நீர் தெளித்துப் பார்ப்பர். ஆய்வுகூடத்திலும் அதுவே வழி. கிருமிக்கென்று அமைக்கும் நாற்றுமேடைக்கு வளர்ப்பூடகம் என்று பெயர்.

இந்த நாற்றுமேடையின் வரலாற்றிலே ஒரு சமையலறையும் வருகின்றது. ஜெர்மன் அறிஞர் றொபேட் கொக், கிருமிகளைத் தனித்தனி இனமாகப் பிரித்து வளர்க்கத் திண்மையான தளம் வேண்டுமென உணர்ந்தார். இறைச்சிச் சாற்றுடன் ஜெலற்றினைச் சேர்த்து உறையவைத்தார். ஆனால் ஜெலற்றின் உடல் வெப்பத்திலே உருகிவிடும். சில கிருமிகள் அதனைக் கரைத்தும் விடும். அவரது ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே இதே தொல்லையால் வருந்தியபோது, 1881 ஆம் ஆண்டிலே அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தாம் இனிப்புப் பண்டங்களை உறையவைக்கப் பயன்படுத்தும் அகரைச் சொல்லிக் கொடுத்தார். யாவாவில் வாழ்ந்து வந்த ஒல்லாந்தக் குடும்பத்தார் மூலம் அவர் அதனை அறிந்திருந்தார்.

அகர் என்பது வேறொன்றுமன்று. நோன்புக் காலத்தில் நம் முஸ்லிம் சகோதரர் இல்லங்களிற் செய்யப்படும் கடற்பாசிதான். கொதிநீரளவு வெப்பத்திலேயே அது உருகும். உருகியபின் ஏறக்குறைய 40 பாகைக்குக் குளிரும்வரை உறையாது. உடல் வெப்பமாகிய 37 பாகையிலே அசையாமல் நிற்கும். நம் தீவின் களப்புகளில் விளையும் ஒருவகைப் பாசியும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே "சிலோன் மொஸ்" என்ற பெயரால் வணிகரிடையே வழங்கியது. ஃபானியின் யோசனையைக் கொக் 1882 இல் ஒரு வரியிலே குறிப்பிட்டார். அதைத் தந்தவர் பெயரைக் குறிப்பிடவில்லை. உலகின் ஆய்வுகூடமெல்லாம் நாள்தோறும் பயன்படுத்தும் பொருளைத் தந்தவருக்கு அந்த ஒரு வரியிற் கொஞ்சம் இடமிருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆனால் கசக் கிருமி சாதாரண அகரில் எளிதாக முளைப்பதில்லை. 1882 மார்ச் 24 ஆம் நாள் பேர்லினிலே தம் கண்டுபிடிப்பை வெளியிட்ட கொக், அதனைக் கால்நடைக் குருதியின் தெளிநீரை உறையவைத்தே வளர்த்திருந்தார். பின்னர் முட்டையே அதற்கு உவந்த உணவு எனக் கண்டனர். ஒஸ்திரிய நாட்டு லோவென்ஸ்டைன் அமைத்து, டென்மார்க்கு நாட்டு ஜென்சன் திருத்திய ஊடகம் இன்றும் இவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது.

அதன் பக்குவத்தைக் கேளுங்கள். புதிய கோழிமுட்டைகளை உடைத்து வெண்கருவையும் மஞ்சட்கருவையும் சேர்த்துக் கலக்கி, சில உப்புகள், கிளிசரின், அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலம், சிறிது மலக்கைட்டுப் பச்சைச் சாயம் ஆகியவற்றைச் சேர்ப்பர். கலவையைக் குழாய்களில் ஊற்றிச் சாய்த்து வைத்து 80 முதல் 85 பாகை வரையிலான வெப்பத்தில் உறையவைப்பர். வட்டிலப்பம் அவித்தவர்களுக்கு இது புதுமையன்று; சூடு மிஞ்சினால் குமிழி விழுந்து தளம் கெட்டுவிடும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: நோயெதிர் மருந்து கலந்த தீனியுண்ட கோழியின் முட்டை ஆகாது. அம்மருந்து கசக் கிருமியையும் தடுத்துவிடும். நோயுள்ளவரை இல்லாதவர் என்று சொல்ல நேரும்.

பச்சைச் சாயம் அழகுக்கன்று. சளியிலே வேறு பல கிருமிகளும் உள. அவற்றுட் சில இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பன. கசக் கிருமியோ ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறையே இரட்டிக்கும். விட்டுவைத்தால் களை பயிரை மூடிவிடும். ஆகவே முதலில் எரிசோடாக் கரைசலாற் சளியைச் சுத்திசெய்வர். மெழுகுபோன்ற போர்வையுடைய கசக் கிருமிகளிற் பல அதைத் தாங்கி எஞ்சும். தப்பிய களையைச் சாயம் அடக்கும்.

பின்பு காத்திருக்கவேண்டியதுதான். மூன்று நான்கு வாரங்களின் பின், பச்சைச் சரிவிலே ரொட்டித் தூள் சிதறினாற்போல மங்கல் மஞ்சள் நிறத் திட்டுகள் தோன்றும். எட்டு வாரம்வரை ஒன்றும் தோன்றாவிடில் "வளரவில்லை" என்று எழுதுவர். மருந்து கலந்த குழாயிலும் கலவாத குழாயிலும் ஒரே கிருமியை விதைத்து ஒப்பிட்டால், எந்த மருந்து அதனிடம் தோற்கும், எது தோற்காது என்பதும் புலனாகும்.

இந்தக் குழாய்கள்தாம் கசநோய் வைத்தியசாலைகளின் தலைவிதியையே தீர்மானித்தன. 1956 இல் சென்னையிலே கசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியார் வைத்தியசாலையிலே ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றவர்கள் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, எளிய உணவோடு இருந்தனர். இரு பகுதியாருக்கும் ஐசோநயசிட்டும் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும் ஓராண்டுக்குக் கொடுக்கப்பட்டன. சளி மாதந்தோறும் வளர்ப்பூடகத்தில் இடப்பட்டது.

1959 இல் முடிவு வெளியாயிற்று. ஆண்டிறுதியிலே வைத்தியசாலையில் இருந்தவருள் நூற்றுக்கு 92 பேரிடமும், வீட்டில் இருந்தவருள் நூற்றுக்கு 86 பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. வீட்டாரைத் தொடர்ந்து கவனித்தபோது, நோயாளி வீட்டில் இருந்தமையால் அவர்களுக்கு ஆபத்து மிகவில்லை என்பதும் தெரிந்தது. மருந்தைத் தவறாது உண்பதே முதன்மையானது. காற்றும் கட்டிலும் பின்னர்த்தான். பிள்ளைகளைப் பிரிந்து வருந்தும் தாய்மாருக்கு இதனினும் நற்செய்தி வேறென்ன?

மயிலிட்டி மக்கள் 1990 இலே போரினால் ஊரை விட்டகன்றனர். துறைமுகம் 2017 இல் மீண்டும் மக்களிடம் வந்தது. இதற்கிடையிலே ஆய்வுகூடங்களும் மாறிவிட்டன. சளியிலே கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் கருவி, இரண்டு மணி நேரத்தில் நோயையும், ரிபாம்பிசின் என்னும் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடுகின்றது. ஆயினும் செத்த கிருமியின் மரபுப்பொருளையும் அக்கருவி கண்டுகொள்ளும். ஆதலால் சிகிச்சை பெற்றவரின் சளியிலே உயிர் எஞ்சியிருக்கிறதா என்பதை அறிய இன்றும் விதைத்தே பார்க்கின்றனர். அதற்கு இப்போது திரவ ஊடகமும் உண்டு. கிருமி வளர்ந்து குழாயிலுள்ள ஒட்சிசனை உட்கொள்ள, அடியிலுள்ள பொருள் ஒளிவிடத் தொடங்கும். நாற்பத்திரண்டு நாள்வரை ஒளி தோன்றாவிடில் குழாயை எடுத்துவிடுவர்.