திருந்திய சட்டமும் திறவாத சிறையும்



1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 5 கிராம் கிராக் கொக்கெய்னை 500 கிராம் கொக்கெய்ன் தூளுக்கு இணையாக்கியது. இரண்டுக்கும் குறைந்தது 5 ஆண்டுச் சிறை. கிராக் வழக்குகளில் சிறைப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

2010இல் அந்த 100க்கு 1 விகிதம் 18க்கு 1 ஆகக் குறைந்தது. ஆயினும், ஏற்கெனவே தண்டிக்கப்பட்டோருக்கு அது பொருந்தவில்லை. அவர்களும் தண்டனைக் குறைப்புக் கோரி மனுச் செய்ய 2018ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

அவ்வழியும் அனைவருக்கும் இல்லை. 4 கிராமுக்கும் குறைவான கிராக் வைத்திருந்து 188 மாதச் சிறை பெற்ற ஒருவரின் மனுவை 2021இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. குறைந்தபட்சத் தண்டனைக்குரிய பிரிவுகளே திருத்தப்பட்டன. அவர் தண்டிக்கப்பட்ட பிரிவு திருத்தப்படவில்லை என்றது. மிகுதியாக வைத்திருந்தவர் மனுச் செய்யலாம்; சிறிதளவு வைத்திருந்தவர் செய்ய இயலாது!

கொடுஞ்சட்டம் திருந்தப் போராடுவோர் இதனை மறத்தலாகாது: பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்தும் என எழுதப்படாத திருத்தம், சிறைக்குள் இருப்போரைச் சென்றடையாது.