நடக்கச் சொல்வோர் நடக்கின்றோமா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வைத்தியம் படிக்கும் பிள்ளைகள் மேடையேறினால் நோய்களைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாமோ இன்று எங்கள் குறையொன்றைப் பற்றியே பேச எண்ணுகின்றோம்.

சென்ற ஆண்டு ஓர் ஆஸ்பத்திரியின் நீரிழிவுச் சிகிச்சைப் பகுதியில் மாணவராக நின்றோம். அங்கு வந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, நாள்தோறும் அரை மணி நேரம் நடக்க வேண்டும்" என்றோம். அவர் எங்களை மேலுங் கீழும் பார்த்தார். "தம்பிமார், வயலும் வரம்புமாய் ஐம்பது வருஷம் நடந்தவன் நான். நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறனீங்கள்?" என்று கேட்டார். எங்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உண்மை என்ன? காலையில் விரிவுரை, பகலில் நோயாளர் விடுதி, இரவில் புத்தகம். விரிவுரை மண்டபம் கூப்பிடு தூரம். அதற்கும் மோட்டார்ச் சைக்கிள். பரீட்சை நெருங்கினால் முதலிற் கைவிடப்படுவது விளையாட்டு, அடுத்தது நித்திரை. மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில், மாலை மணி அடித்தால் புத்தகத்தை மூடிவிட்டு மைதானத்துக்கு ஓடியே ஆகவேண்டும். அன்று கட்டளை இருந்தது, செய்தோம். கட்டளை நீங்கியதும் பழக்கமும் நீங்கிற்று. இதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்து காட்டத் தெரிந்த நாம், எங்கள் இதயத்துக்கு வேலை கொடுக்கத் தவறினோம். இது அறியாமையன்று, அறிந்துஞ் செய்யாமை.

1953 ஆம் ஆண்டில் ஜெரி மொரிஸ் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் இலண்டன் பஸ் ஊழியரைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை வெளியிட்டனர். சாரதி நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். நடத்துனர் மாடிப்படிகளில் ஏறியிறங்கினார். இதய நோய் நடத்துனரிடமே குறைவாகக் காணப்பட்டது. சாரதிகள் வேலைக்குச் சேரும்போதே பருத்த உடலினராயிருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும், அதன்பின் வந்த பல ஆராய்ச்சிகளும் உடலசைவின் பயனை உறுதிப்படுத்தியுள்ளன.

அளவும் பெரிதன்று. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற மிதமான முயற்சி செய்யவேண்டும் என்றும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020 இல் கூறியது. 2022 இல் உலகில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 31 பேர் போதிய உடலுழைப்பின்றி இருந்தனர் என்று அதே நிறுவனம் கணக்கிட்டது. அந்தத் தொகையில் நாமும் இருந்தோம் என்று சொல்ல வெட்கப்படுகின்றோம்.

வைத்தியர் திருந்தினால் என்ன பயன் என்று கேட்கலாம். 1951 இல் ரிச்சட் டொல், பிரட்பட் ஹில் என்னும் இருவர் பிரித்தானிய வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய புகைத்தற் பழக்கத்தைக் கேட்டு ஆராயத் தொடங்கினர். புகையின் தீமை வெளியானபின் வைத்தியருட் பலர் அதனைக் கைவிட்டனர். நோயாளிக்குச் சொல்லுமுன் தம்மிடமே செய்து காட்டியோரின் சொல்லுக்கு வலிமை வேறு. புகைக்கு நேர்ந்தது நடைக்கும் நேரவேண்டும்.

எனினும், எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. தாதியரும் சிற்றூழியரும் கடமை நேரம் முழுதும் கால்மேல் நிற்பவர்கள். வேலையில் நடக்கும் நடையும் நடையே. இரவுக் கடமை முடித்துக் கண் சிவந்து வருபவரை ஓடச் சொல்வது இரக்கமன்று. முதலில் அவர் உறங்க வேண்டும். நாற்காலியில் இருந்து வேலை செய்வோருக்கும், படிப்பென்று சாட்டுச் சொல்லும் எங்களுக்குமே இந்த அறிவுரை முதலில் உரியது.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். மாலையில் எங்கள் சகோதரிகள் வீதியில் நடந்தால், "எங்கே போகிறாய், ஏன் போகிறாய்?" என்று படலைக்குப் படலை விசாரிக்கின்றோம். இந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் வீட்டுக்குள் முடங்குகின்றனர். அவர்களுக்கும் அதே இதயந்தான்.

எமது நெடுங்கேணியில் நடப்பதற்குக் காசு வேண்டாம். குளக்கட்டும் வயல்வெளியும் உள்ளன. யானை நடமாடும் பக்கமானால் பொழுதுபட முன்னரே திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். விடுமுறைக்கு ஊர் வரும் மாணவர் காலையில் மன்ற அங்கத்தவருடன் கூடி நடப்பதென்று தீர்மானித்துள்ளோம். பெரியோரும் தத்தம் இயல்புக்கேற்ப வாருங்கள். நெஞ்சுநோவோ மூச்சிளைப்போ உடையவர் வைத்தியரைக் கேட்டபின் வரவேண்டும்.

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பர். பிறர் சுவரைக் காக்கப் புறப்படும் நாம், எங்கள் சுவரை இடிய விடலாமா? அந்த முதியவரை மீண்டுங் காணும்போது, இத்தனை தூரம் நடந்தோம் என்று தலைநிமிர்ந்து சொல்ல விரும்புகின்றோம்.