கடமும் கித்தாரும்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கோயில் திருவிழாவில் இரண்டு தவில்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதை நாம் நின்று கேட்டிருக்கிறோம். அந்தப் பதில்களை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்த நேரத்தில் பிறப்பவை அவை.

அமெரிக்காவின் ஜாஸ் இசையும் இப்படித்தான். பருத்தி, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கரின் சந்ததியார் வளர்த்தது அது. தோட்டத்து மக்களாகிய நாம் அதை அந்நியம் என்று தள்ளுவானேன்?

1975-இல் ஜான் மெக்லாஃப்லின் என்ற இங்கிலாந்து ஜாஸ் கித்தார் கலைஞர், 'சக்தி' என்ற குழுவில் நம்மவரோடு அமர்ந்து வாசித்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, ராம்நாடு ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். மெக்லாஃப்லின் வெறுங்கையோடு வரவில்லை. டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். கமகம் பேசுவதற்காகக் கித்தாரின் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடையச் செய்தார்.

எழுதி வைக்காததைப் பலர் சேர்ந்து வாசிப்பது எப்படி? தாளக்கணக்குதான் கயிறு. ஒருவர் எட்டு ஆவர்த்தனம் வாசித்தால் அடுத்தவர் எட்டிலேயே பதில் சொல்வார். அது நான்காக, இரண்டாக, ஒன்றாகச் சுருங்கும். பிறகு அனைவரும் ஒரே கோர்வையை மும்முறை வாசித்து எடுப்பில் வந்து சேர்வார்கள். காதைக் கொடுக்காதவன் அங்கே தொலைந்தான்!

உறுமி பழகும் நம் பிள்ளைகளிடமும் இந்தக் கணக்கு உண்டு. "போய்ப் படி" என்று அதட்டுமுன், எட்டுக்கு எட்டு வருகிறதா என்று அவர்களை எண்ணச் சொல்லுங்கள். அதுவும் படிப்புதான்.

கச்சேரியில் கடத்துக்குப் பெரும்பாலும் பின்னிடமே. மண்பானைதானே! சக்தியில் அது கித்தாருக்குச் சமமாகப் பேசியது. 2024-இல் அக்குழு கிராமி விருது பெற்றபோது, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அதில் இருந்தார்.